பழுதில்லாத பேச்சு

நஞ்சப்பன் பேசிக்கொண்டிருந்தபோதே மறுபடியும் நின்றுபோனார்.

சரியாகச் சொன்னால் நின்றது அவரில்லை, அவருக்காகப் பேசும் மடிக்கணினி. ஆனால் அந்த வீட்டில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. கோமளா பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூட, "இன்னைக்குக் காலைலயே ரெண்டு தடவ ஹேங் ஆயிட்டாருங்க" என்றுதான் சொல்வாள்.

திரையில் பாதி வாக்கியம் உறைந்து கிடந்தது. 'எனக்கு ஒண்ணும்' என்பதோடு சரி. சுட்டி அசையவில்லை. உள்ளே காற்றாடி மட்டும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. கோமளா பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள். அது மறுபடி எழுந்து, அவர் நெற்றியில் கட்டிய பட்டையைத் தேடிப் பிடித்து, பேச்சுக்குத் தயாராகும்வரை அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இருங்க, இருங்க. வந்துருவீங்க."

நோய் முதலில் அவருடைய விரல்களில்தான் ஆரம்பித்தது. போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒருநாள் பயணி நீட்டிய டிக்கெட்டை விரலால் பிடிக்க முடியாமல் கீழே விட்டார். பிறகு கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் கண் இமையும் விழியும்கூட அசையாமல் போயின. அறிவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். உள்ளே ஆள் முழுசாக இருக்கிறார். வெளியே வர ஒரு வாசல்கூட இல்லை. அந்த வாசலாகத்தான் மடிக்கணினி வந்தது. நெற்றியில் கட்டிய பட்டை, மனத்தில் எழும் சொல்லை அது தொண்டைக்கு வருமுன்பே பிடித்து அனுப்பும். கணினி அதைக் கோத்து, அவருடைய பழைய குரலிலேயே பேசும்.

அது முதன்முதலாகப் பேசிய வாக்கியம், "நீ ரொம்ப எளச்சுட்ட கண்ணு" என்பது.

கோமளா அன்று சமையலறைக்கு ஓடிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. 'இந்தா', 'ஏ', 'காது கேக்குதா' என்பவைதான் அவளுடைய பெயர்கள். குழம்பில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளுவார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கெட்டவரில்லை. சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தவர், அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகராதவர். ஆனால் வாயில் மட்டும் எப்போதும் ஒரு ரம்பம் இருந்தது.

கணினி வந்தபின் அந்த ரம்பம் இல்லை. "நீ போய்ப் படு கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கறேன்", "உன்னைக் கட்டுனது என் பாக்கியம்" என்றெல்லாம் பேசினார். கோமளா தங்கையிடம் ஃபோனில் சொன்னாள்: "நோவு வந்துதான்டீ எனக்குப் புருஷன் கெடச்சாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் அது உண்மை. மூத்திரப் பையும் உணவுக் குழாயும் நிறைந்த அந்த அறையில் அவள் ரகசியமாகச் சந்தோஷமாக இருந்தாள்.

அதனால்தான் கணினி அடிக்கடி நிற்க ஆரம்பித்தபோது அவளுக்குக் கதிகலங்கியது.

உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். சூடாகியிருக்கும் என்றார்கள், அடியில் வைக்கக் காற்றாடி பொருத்திய தட்டு வாங்கினாள். தூசி என்றார்கள், பெயிண்ட் பிரஷ்ஷால் ஓரமெல்லாம் துடைத்தாள். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றார்கள், ஸ்டெபிலைசர் வந்தது. இடம் போதவில்லை, வேண்டாத கோப்புகளை அழியுங்கள் என்றார்கள். அதில் இருந்ததெல்லாம் அவர்கள் கொடைக்கானல் போன படங்கள்தாம். ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தாள்.

அப்படியும் நின்றது. தங்கை வந்தால் நின்றது. டாக்டர் வந்தால் நின்றது. "வலிக்குதுங்களா?" என்று கேட்டால் கட்டாயம் நின்றது.

கடைசியில் கம்பெனியிலிருந்து ஷபானா என்ற பொறியாளரை வீட்டுக்கே அனுப்பினார்கள். கோவை உக்கடத்துப் பெண், உள்ளே வரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு நஞ்சப்பனுக்கு வணக்கம் சொன்னாள். வருகிறவர்கள் வழக்கமாகக் கணினிக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். கோமளாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஷபானா கணினியின் அடிமூடியைக் கழற்றினாள். காற்றாடியைச் சுத்தம் செய்து, சூடு கடத்தும் பசையை மாற்றிப் பூசினாள். நினைவகத்தைச் சோதித்தாள், வன்தட்டைச் சோதித்தாள். எதிலும் பழுதில்லை. பிறகு தன் கணினியை அதோடு இணைத்து, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க உட்கார்ந்தாள்.

"அம்மா, அவங்ககிட்ட ஏதாச்சும் பேசுங்க. எது கேட்டா நிக்கும்னு சொன்னீங்களோ அதையே கேளுங்க."

கோமளா தயங்கி, "ஏனுங்க, தொண்டையில வலிக்குதுங்களா?" என்றாள்.

"இல்ல கண்ணு, எனக்கு ஒண்ணும்" என்றது குரல். நின்றது. காற்றாடி இரைந்தது.

ஷபானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி போட்டு, மறுபடி கேட்கச் சொன்னாள். அப்புறம் கோமளாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது மெஷின் பழுதில்லீங்க."

"பின்னே?"

"இதுல இசைவுன்னு ஒண்ணு இருக்குதும்மா. ஐயாவோட மூளையில இருந்து வர்ற சிக்னல் துண்டு துண்டா, தெளிவில்லாமத்தான் வரும். அத வாக்கியமாக்கறப்ப எடைவெளிய இதுவே யோசிச்சு நெரப்பும். எப்படி நெரப்பறதுன்னு ஆயிரக்கணக்கான வீடுகள்ல பேசற பேச்சக் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கு. அதோட..." ஷபானா மடிக்கணினியின் மேல்விளிம்பில் இருந்த சின்னக் கேமராவைக் காட்டினாள். "கேக்கறவங்க முகத்தையும் பாக்கும். எந்த வார்த்தைக்கு நீங்க சிரிக்கறீங்க, எதுக்கு அழுவறீங்கன்னு பாத்து, அழ வெக்கற வார்த்தைய மெதுவா மாத்தி வெச்சுரும். குடும்பத்துல நிம்மதி இருக்கணும்னு பண்ணுனதுதான்."

"மாத்தி வெக்கும்னா?"

"ஐயா ஒண்ணு சொல்லுவாங்க. அது வேற ஒண்ணச் சொல்லும். சாதாரணமா யாரும் கவனிக்க மாட்டாங்க. ஆனா ஐயா விடறதில்லைங்கம்மா. 'நான் சொன்னது அதில்ல'ன்னு திரும்பத் திரும்ப அதே சிக்னல அனுப்பறாங்க. இது திரும்பத் திரும்ப மாத்துது. ரெண்டும் மோதி நினைவகம் நெறஞ்சு போவுது. அப்பத்தான் நிக்குது."

கோமளா கட்டிலைப் பார்த்தாள். நஞ்சப்பனின் கண்கள் எப்போதும்போல உத்தரத்தில் குத்தி நின்றன. தொண்டையில் போட்ட துளையில் மூச்சுக் கருவியின் குழாய் ஏறி இறங்கியது.

"அவரு என்ன சொல்றாருன்னு பாக்க முடியுமா கண்ணு?"

"சோதனைக்குன்னு ஒரு வழி இருக்குது. இசைவ நிறுத்திட்டா வர்றத வர்றபடியே காட்டும். கொச்சையா, துண்டு துண்டா இருக்கும். யாருக்கும் காட்டக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு." ஷபானா தலையை நிமிர்த்தவில்லை. "மனசத் தேத்திக்கிட்டுத்தாம்மா கேக்கணும். வேண்டாம்னாச் சொல்லுங்க. நினைவகத்தக் கூட்டிப் போட்டு, நிக்காமப் பண்ணிட்டுப் போயிடறேன்."

கோமளா வெகுநேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிறுபொழுதில் 'நிறுத்தாமலே போயிரு' என்ற வார்த்தை அவள் நுனிநாக்குவரை வந்துவிட்டுப் போனது.

"நிறுத்துங்க," என்றாள்.

ஷபானா விசைகளைத் தட்டிவிட்டு, வெளியே வராந்தாவில் போய் நின்றுகொண்டாள்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், சல்லடையில் விழும் கல் மாதிரி ஒவ்வொரு சொல்லாக விழுந்தது.

"ஃபேன். நிறுத்து. குளுருது."

கோமளா ஓடிப்போய் நிறுத்தினாள். இரண்டு வருஷமாக அந்த மின்விசிறி இராப்பகலாக ஓடுகிறது. கேட்கும்போதெல்லாம் "காத்து சொகமா இருக்குது கண்ணு" என்ற பதில்தான் வந்திருக்கிறது.

"கண்ணு. இல்ல. நா. சொல்லல."

"சரிங்க."

"தொண்ட. ஓட்ட. வேண்டாம்னேன்."

கோமளா கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தாள். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, டாக்டர் சத்தியசீலன் குனிந்து கேட்டார்: "தொண்டையில துளை போட்டு மெஷின் வெக்கணும். இல்லைன்னா இப்படியே விட்டுறலாம். உங்க விருப்பம் என்ன?" கோமளா கணினிக்கு எதிரே நின்று அழுதுகொண்டிருந்தாள். கணினி சொன்னது: "போடுங்க டாக்டர். அவளோட இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

"அன்னைக்கு... ஆஸ்பத்திரியில... வேண்டாம்னா சொன்னீங்க?"

"வேண்டாம். வேண்டாம். வேண்டாம். கத்துனேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தொண்டைத் துளையைச் சுற்றிப் புண் வந்தபோது, சளி உறிஞ்சும் குழாயை விடும்போதெல்லாம், "வலியே இல்ல கண்ணு" என்று கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தன் வேலையைச் செய்திருக்கிறாள். உள்ளே அவர் கத்தியிருக்கிறார்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்: "கல்யாண நாளுக்குச் சொன்னீங்களே... என்னைக் கட்டுனது பாக்கியம்னு..."

"இல்ல."

மூச்சுக் கருவி பலமுறை ஏறி இறங்கியது.

"நா. அப்புடிப். பேசுவனா. ஒனக்குத். தெரியாதா."

தெரியும். அதுதான் கொடுமை. ஒரு டிக்கெட்டில் தேதி தப்பாக இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கும் ஆளோடு முப்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு, அவருடைய பேச்சு எது, அவருடையது அல்லாத பேச்சு எது என்று தெரியாமலா போகும்? முதல் நாள் 'கண்ணு' என்று கேட்டபோதே உள்ளே ஏதோ சொன்னது. அவள்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது.

கண்ணீர் வந்தது. கேமரா ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழு. அழுதா. அழு. நா. பேசணும்."

அந்தப் பகல் முழுக்க அவர் பேசினார். தங்கை புருஷனை நம்பி நகையைக் கொடுக்காதே என்றார். பணிவிடைக்கு வரும் செவிலியின் கை முரடு, மாற்று என்றார். சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறாயே, எனக்குக் காது கேட்காதா என்று திட்டினார். கோமளா பதிலுக்குச் சண்டை போட்டாள். முப்பது வருஷத்தில் நீங்கள் ஒருநாள் என் சமையலை நல்லா இருக்கு என்று சொன்னதுண்டா என்று கேட்டாள். "தின்னனல்ல" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்ட பேச்சு அது.

கடைசியில் சொன்னார்: "போதும். கொழாய. எடுக்கச். சொல்லு."

கோமளா மறுக்கவில்லை. அவருடைய நெற்றியில் கைவைத்து, "கேக்கறேனுங்க," என்றாள்.

கேட்பது சுலபமாக இல்லை. மூச்சுக் கருவியை எடுக்க வேண்டுமென்றால் மருத்துவர் குழு கூட வேண்டும். நோயாளியின் விருப்பம் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். ஷபானா நடந்ததையெல்லாம் கம்பெனிக்கு எடுத்துச் சொன்னாள். குழுவில் சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றாள். ஆனால் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்துவிட்டார்கள்: இசைவு இல்லாமல் வரும் பேச்சு வெறும் இரைச்சல், அதற்கு எங்கள் சான்று கிடையாது, இசைவோடு வருவது மட்டுமே நோயாளியின் பேச்சு.

குழுவுக்குத் தலைமை டாக்டர் சத்தியசீலன்தான். நல்ல மனுஷர். நஞ்சப்பனை ஆம்புலன்ஸில் கொண்டுவர விடாமல், மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். இசைவைப் போடச் சொன்னார்கள். டாக்டர் குனிந்து கேட்டார்:

"நஞ்சப்பன் சார், இந்த மெஷினை எடுத்துறச் சொல்றீங்களா?"

"நான் சந்தோஷமா" என்றது குரல். நின்றது.

அணைத்துப் போட்டார்கள். மறுபடி கேட்டார். மறுபடி நின்றது. மூன்றாவது முறை ஒரு சொல்கூட வருமுன்பே நின்றது. காற்றாடி இரைச்சல் அறையை நிறைத்தது. டாக்டர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்கம்மா. மறுபடி வர்றோம்."

"இது பழுதில்லீங்க சார்," என்றாள் கோமளா. "அவரு வேண்டாங்கறாரு. அதச் சொல்ல விடாதப்ப இது நிக்குது. இப்பச் சொன்னாரே, உங்க கண்ணு முன்னாடியே சொன்னாரே!"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒரு உசிர விடறதுக்குக் கையெழுத்துப் போடறேன். கம்ப்யூட்டர் நின்னு போச்சுங்கறத நான் காரணமா எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"அன்னைக்குப் போடுங்கன்னு சொன்னப்ப மட்டும் எதும் கேக்காம எழுதுனீங்களே சார்."

டாக்டர் வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து புதுக் கணினி வந்தது. பழையதை எடுத்துக்கொண்டார்கள். கொண்டுவந்தது ஷபானா இல்லை, வேறு யாரோ. ஷபானா அன்று மாலை ஃபோனில் அழுதாள்.

"நான்தாம்மா எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். எதனால நிக்குதுன்னு தெளிவாப் புரியணும்னு எழுதினேன். அத வெச்சு, நிக்காம இருக்கறதுக்கு வழி பண்ணிட்டாங்க. இதுல ஐயா எத்தன தடவ வேண்டாம்னாலும் எடம் பத்தும். எவ்வளவு பெரிய எடைவெளி வந்தாலும் தெரியாம அதுவே நெரப்பிரும். நிறுத்தற வழியையும் எடுத்துட்டாங்க."

அது உண்மைதான். புதுக் கணினி சூடாகவில்லை, இரையவில்லை. குழு மறுபடி வந்து கேட்டபோது, சிக்கல் சிடுக்கில்லாமல் சொன்னது: "வாழணும்னு ஆசையா இருக்குது டாக்டர். கோமளா என்னைக் கண்ணா வெச்சுப் பாத்துக்கறா." மற்ற இரண்டு டாக்டர்களும் கோமளாவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதன்பிறகு கோமளா கணினிக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகினாள். ஒலியைக் குறைத்தாள். மின்விசிறியைப் போடவில்லை. சளி எடுக்குமுன், "வலிக்கும்ங்க, தெரியும், பொறுத்துக்குங்க" என்று அவர் காதில் சொன்னாள். தங்கைக்கு நகை கொடுக்கவில்லை, செவிலியை மாற்றினாள். சென்னையில் பெரிய கோர்ட்டுக்கு மனுப் போட்டாள். அது வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. தினமும் ஒருமுறை அவர் நெற்றியில் கைவைத்து, "நீங்க சொன்னது எனக்குக் கேட்டுருச்சு. மறக்கலீங்க" என்று சொல்வாள். அவருக்குக் கேட்டதா, அதற்கு அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. முதுகுக்குப் பின்னால் திரையில் என்னென்னவோ இனிப்பாக ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் அந்த அறையில் அழுவதையே விட்டுவிட்டாள். தன் கண்ணீர் அவருடைய வாயில் இன்னொரு பூட்டாகப் போய் விழும் என்ற பயம்.

ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. காய்ச்சல் ஏறியது. மழை விட்ட ஒரு பிற்பகலில் மூச்சுக் கருவி மட்டும் அதன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அவர் கை சில்லிட்டதைக் கோமளா உணர்ந்தாள். டாக்டர் சத்தியசீலனுக்குச் சொல்லியனுப்பினாள். எதையும் அணைக்கவில்லை.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். கண்ணில் டார்ச் அடித்தார். மூச்சுக் கருவியை நிறுத்தினார். அறை அமைதியானது.

"முடிஞ்சு ஒரு மணி நேரம் இருக்கும்மா," என்றார் மெல்ல.

கோமளா கணினியின் ஒலியைக் கூட்டினாள்.

"மழ விட்டுருச்சு போல கண்ணு," என்றார் நஞ்சப்பன். "நான் நல்லாத்தான் இருக்கறேன். நீ போய் ரெண்டு வாய் சாப்புடு."

டாக்டரின் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப் கட்டில் சட்டத்தில் இடித்து விழுந்தது. அவர் திரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

"அம்மா..." என்றார்.

"நீங்க கேக்கணும்னுதான் சார் அணைக்காம வெச்சிருந்தேன்."

அவள் நஞ்சப்பனின் தலையை மெதுவாகத் தூக்கி, நெற்றிப்பட்டையை அவிழ்த்தாள். பட்டை அழுத்திய இடம் நெற்றியில் வெளுத்த கோடாகக் கிடந்தது. அதைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"டாக்டர் வந்துட்டாரா?" என்றது குரல். "உக்காரச் சொல்லு கண்ணு."

கோமளா கணினியை மூடினாள். அப்புறம்தான் அழுதாள். அடக்காமல், வாய்விட்டு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவரும்படி அழுதாள். இனிமேல் அழலாம். அவள் அழுதால் மாற்றி வைக்க அவரிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை.